மொட்டை மாடி யாருடையது?

பண்ணைக்காட்டில் சமதரை கிடைப்பது அரிது. பழனி மலையின் கீழ்ப்பகுதியில் சுமார் 4,000 அடி உயரத்தில் இருக்கிற இந்தப் பேரூராட்சியில் ஒரு வீடு கட்ட வேண்டுமென்றால், முதலில் சரிவை வெட்டி, கல் கட்டி, மண் நிரப்பித் தரையை உண்டாக்க வேண்டும். அதற்கே பாதிச் செலவு போய்விடும் என்பார்கள். தோட்டத்துக்குள் போனால் காலைச் சாய்க்காமல் நிற்க முடிகிற இடம் காபி காயவைக்கும் களம் ஒன்றுதான். கார்த்திகையில் தொடங்கி மாசி வரை அங்கே காபி காயும், பின்னால் மிளகு காயும். களம் சும்மா கிடக்கிற மாதங்களில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள்; வீட்டில் விசேஷம் என்றால் பந்தலும் அங்கேதான். அப்படி வளர்ந்தவர்கள் கோவைக்கோ மதுரைக்கோ சென்னைக்கோ ஃபிளாட் பார்க்கப் போகும்போது, எத்தனை படுக்கையறை என்று கேட்பதற்கு முன்னால் "மொட்டை மாடி தனியா வருமா?" என்று கேட்பதில் வியப்பில்லை.

இப்போது அந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. பிள்ளைகளின் கல்லூரி கோவையில், வேலை சென்னையில், வயதானவர்களுக்கு இதய மருத்துவர் மதுரையில் என்று குடும்பங்கள் ஏற்கெனவே கீழே இறங்கிவிட்டன. மலைவாழையை முடிக்கொத்து நோய் வாட்டியது. ஆரஞ்சுத் தோட்டங்களும் நோயில் சுருங்கிப் போயின. காபிதான் தாங்கிப் பிடித்தது. 2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அரபிக்கா காபியின் விலை வரலாறு காணாத உயரத்துக்குப் போனது. கையில் கொஞ்சம் காசு புரண்டதும், "ஊர்ல ஒரு வீடு இருக்கட்டும்" என்ற பேச்சு வந்துவிட்டது. இங்கே ஊர் என்றால் நகரம்.

நகரத்தில் ஃபிளாட் விற்கிறவர்களுக்கும் இந்த ஆசை தெரியும். மேல்மாடி வீட்டோடு 600 சதுர அடி, 800 சதுர அடி, சில இடங்களில் 1,000 சதுர அடிக்கும் மேலே 'பிரைவேட் டெரஸ்' என்று விளம்பரப் படத்தில் புல் விரித்து, ஊஞ்சல் போட்டு, மாலை வெயில் அடிக்கிற மாதிரி வரைந்து காட்டுகிறார்கள். அந்தப் படத்தில் காட்டாத ஒன்று உண்டு. ஒருவருடைய மொட்டை மாடி இன்னொருவருடைய கூரை. அந்தக் கூரை யாருக்குச் சொந்தம், ஒழுகினால் யார் பார்ப்பது, மேலே என்ன வைக்கலாம் என்ற மூன்று கேள்விகளுக்கும் பத்திரத்தில் பதில் இல்லாமல் பணம் கொடுத்த குடும்பங்கள் நிறைய. மலையில் முப்பது வருடம் பாடுபட்ட காசு ஒரு வரைபடத்தின் ஓரத்தில் தொங்கிக்கொண்டு இருக்கக் கூடாது என்ற கவலையில்தான் இந்தக் கட்டுரை.

சட்டம் எங்கே தொடங்குகிறது?

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தை எல்லோரும் 'ரெரா' என்கிறோம். அதில் மொட்டை மாடி இரண்டு இடங்களில் வருகிறது. பொதுப் பகுதிகள் என்னென்ன என்று சொல்லும் இடத்தில் படிக்கட்டு, லிஃப்ட், பூங்கா, திறந்தவெளி கார் நிறுத்தம் ஆகியவற்றோடு மொட்டை மாடியும் இருக்கிறது. அதாவது சட்டத்தின் கண்ணில் மொட்டை மாடி முதலில் எல்லோருக்கும் பொது. ஆனால் அதே சட்டம் வீட்டின் உட்பரப்பான 'கார்ப்பெட் ஏரியா'வை விளக்கும்போது, ஒரு வீட்டை ஒட்டி அந்த வீட்டுக்காரரின் தனிப் பயன்பாட்டுக்கென்றே விடப்பட்ட திறந்த மாடி என்ற ஒன்றையும் ஒப்புக்கொள்கிறது. அந்தப் பரப்பைக் கார்ப்பெட் ஏரியாவில் சேர்க்கக் கூடாது என்றும் சொல்கிறது.

இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் விஷயம் புரிந்துவிடும். தனி மொட்டை மாடி என்று ஒன்று சட்டப்படி இருக்க முடியும். ஆனால் அது விற்பனையாளரின் வாய்ச்சொல்லால் உண்டாகாது. அனுமதி பெற்ற வரைபடத்திலேயே அந்த இடம் குறிப்பிட்ட ஒரு வீட்டோடு சேர்த்துக் காட்டப்பட்டிருக்க வேண்டும். அந்த வீட்டுக்குள்ளிருந்துதான் அதற்கு வாசல் இருக்க வேண்டும். ரெராவில் பதிவு செய்த விவரத்திலும், விற்பனை ஒப்பந்தத்திலும், கிரயப் பத்திரத்திலும் அதே பரப்பு, அதே எல்லை வர வேண்டும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் நாளைக்கு ஃபிளாட் உரிமையாளர் சங்கம் வந்து "இது பொது இடம், பூட்டைத் திறங்க" என்று சொல்ல வழி பிறந்துவிடும். அப்போது சங்கத்தைக் குறை சொல்லவும் முடியாது. அவர்கள் பக்கமும் சட்டம் இருக்கும்.

கட்டடத்தின் உச்சி மாடி என்றால் சிக்கல் இன்னும் கூடும். அங்கேதான் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் இயந்திர அறை, இடிதாங்கி, சோலார் தகடு எல்லாம் வரும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். அந்தக் குழாய்களின் வாயும் அங்கேதான். தொட்டியைக் கழுவ ஆள் வந்தால் யார் வீட்டு வழியாகப் போவார்? இதற்குப் பதில் இல்லாமல் உச்சி மாடியைத் தனியாக எழுதிக் கொடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து.

இதைவிட நல்லது, மேலே போகப் போகக் கட்டடம் படிப்படியாக உள்வாங்கும்போது கிடைக்கிற மாடி. கீழ்த்தளத்து வீட்டின் கூரையில் ஒரு பகுதி மேல்வீட்டுக்கு முற்றமாக அமையும். அதற்கு வாசல் அந்த ஒரு வீட்டிலிருந்து மட்டும்தான். தொட்டியும் லிஃப்டும் அங்கே வராது. இன்னொரு வகை, கார் நிறுத்தும் தளத்தின் கூரைமேல் முதல் மாடி வீட்டுக்கு விடப்படும் திறந்தவெளி. வெயில் குறைவு, வயதானவர்களுக்கு நடக்க வசதி. ஆனால் மேலே பத்து மாடிக்காரர்களும் எட்டிப் பார்ப்பார்கள். காயப்போட்ட துணி, சிகரெட் துண்டு, பிள்ளைகள் தவறவிட்ட பொம்மை எல்லாம் அங்கேதான் வந்து விழும்.

பொது இடத்தில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நாடே பார்த்த சாட்சி நொய்டாவில் இருந்தது. எமரால்டு கோர்ட் குடியிருப்பில், முதல் வரைபடத்தில் தோட்டமாகக் காட்டிய இடத்தில் பிறகு இரட்டைக் கோபுரம் எழுந்தது. ஏற்கெனவே குடியிருந்தவர்களின் சம்மதம் கேட்கவில்லை. அவர்கள் வழக்குப் போட்டார்கள். இடிக்கச் சொன்ன அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2021 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2022 ஆகஸ்ட் 28 அன்று ஏறத்தாழ 100 மீட்டர் உயரமான இரண்டு கோபுரங்களும் சில நொடிகளில் தரைமட்டமாயின. அதற்கு முன்பே, 2010-ல் மும்பை வழக்கொன்றில், தூண்களுக்கு நடுவே உள்ள கார் நிறுத்தத்தைக் கட்டுநர் தனியாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. பொது இடத்தைப் பிரித்து விற்கும் பழக்கத்தை நீதிமன்றங்கள் லேசில் விடுவதில்லை.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பண்ணைக்காட்டிலிருந்து பெருமாள்மலை வழியாக ஏறினால் கொடைக்கானல். பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் என்ற பெயரை இந்த மலையில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் யாரும் மறக்கவில்லை. இரண்டு மாடிக்கு மேல் எழும்பக் கூடாத இடத்தில் ஏழு மாடி எழுந்தது. விதியிலிருந்து விலக்களித்து 1994-ல் அரசாணை வந்தது. பழனி ஹில்ஸ் கன்சர்வேஷன் கவுன்சில் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு நீதிமன்றம் போனது. 1995-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. இதையொட்டி நடந்த குற்ற வழக்கில் 2000 பிப்ரவரி 2 அன்று முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டதும், 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்ததும் தமிழ்நாட்டு அரசியல் வரலாறு. வீடு வாங்கப் போகிறவர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அரசியல் அல்ல. முதலமைச்சர் தலைமையிலான அரசே ஆணை போட்டுக் கொடுத்தும் நிற்காத மாடி, ஒரு விற்பனைப் பிரதிநிதியின் உறுதிமொழியில் எப்படி நிற்கும்?

ஒரு வாளித் தண்ணீர்

கோவையில் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு புதுக் கட்டடம். பண்ணைக்காட்டிலிருந்து வீடு பார்க்க வந்த ஒரு தம்பதியோடு நானும் போயிருந்தேன். காபித் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர். அறுபதைத் தாண்டிய வயது. விற்பனைப் பிரதிநிதி சுறுசுறுப்பான பையன். நீச்சல்குளம், உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் காட்டிவிட்டுக் கடைசியாக மாடிக்குக் கூட்டிப்போனார். வீட்டுக்குள்ளிருந்து கண்ணாடிக் கதவைத் தள்ளினால் அகலமான திறந்தவெளி, தூரத்தில் மலை. அந்த அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"எப்படிங்க ஐயா இருக்கு?" என்றார் பையன்.

"நல்லாருக்கு தம்பி. ஒரு வாளி தண்ணி கிடைக்குமா?"

குடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்துப் பையன் பாட்டில் எடுக்கப் போனார். "குடிக்க இல்ல தம்பி, வாளியில வேணும்" என்று பெரியவர் மறுபடி சொன்னார். கீழே வேலை செய்துகொண்டிருந்தவர்களிடமிருந்து ஒரு பெயின்ட் வாளியில் தண்ணீர் வந்தது. பெரியவர் வாளியை வாங்கி, மாடியின் நடுவில் நிதானமாகச் சாய்த்தார். தண்ணீர் கொஞ்சம் விரிந்தது, யோசிப்பதுபோல் நின்றது, பிறகு கண்ணாடிக் கதவுப் பக்கம் நகர ஆரம்பித்தது. தண்ணீர் போகும் வாய் எதிர்ப்பக்க மூலையில் இருந்தது.

"வாட்டம் வீட்டுப் பக்கம் இருக்கே தம்பி."

"டைல்ஸ் போடும்போது சரி பண்ணிருவாங்க ஐயா."

"களத்துக்கு வாட்டம் தப்பினா காபி ஊறிப்போகும். இங்க வீடு ஊறிப்போகும்."

அந்த அம்மா அவரைப் பார்த்து, "ஏங்க, ஐப்பசியில வந்து ஒருக்கா பாப்போம்" என்றார். இருவரும் கீழே இறங்கிவிட்டார்கள். நான் பார்த்த வீட்டுச் சோதனைகளிலேயே சிறந்தது இது. எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. டைல்ஸ் ஒட்டும்போது தடிப்பைக் கூட்டிக் குறைத்து வாட்டத்தைத் திருத்துவது சுலபமில்லை. கதவு நிலையின் உயரம் அதற்கு இடம் கொடுக்காது. வாட்டம் கான்கிரீட்டிலும் அதன்மேல் போடும் பூச்சிலும் அமைய வேண்டும்.

மலைக்காரர்களுக்கு இந்த அறிவு தோட்டத்திலேயே வந்துவிடுகிறது. களத்தில் தேங்கும் ஒரு கை அகலத் தண்ணீரும் பார்ச்மென்ட் காபியின் நிறத்தைக் கெடுத்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். நகரத்தில் வீடு பார்க்கும்போது மட்டும், பளபளக்கும் அலுவலகத்தில் உட்கார்ந்ததும், இதையெல்லாம் கேட்கலாமா என்று கூச்சப்படுகிறார்கள். கேட்க வேண்டும். விற்கிறவர்களுக்குத் தெரியாததையும் சேர்த்துக் கேட்க இவர்களுக்குத் தகுதி இருக்கிறது.

கடுக்காயும் வெல்லமும் போட்ட கூரை

நம் ஊர்க் கொத்தனார்கள் தட்டையான கூரையைக் கையாளக் கற்று நெடுங்காலம் ஆகிறது. 'மெட்ராஸ் டெரஸ்' என்று உலகமெங்கும் கட்டடக் கலைஞர்கள் பெயர் சொல்லும் கூரை நம்முடையது. தேக்கு விட்டங்களை அடுக்கி, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களை விளிம்பில் நிறுத்திச் சாய்வாக, சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக்கொண்டே போவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கான்கிரீட். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்துத் தட்டத் தட்ட, சுண்ணாம்பு இறுகிக்கொண்டே போகும். கடைசியில் தட்டோடு பதித்து முடிப்பார்கள். காரைக்குடிப் பக்கமும் பழைய சென்னையிலும் நூறு வயது கடந்த இப்படிப்பட்ட கூரைகள் இன்னும் நிற்கின்றன.

அந்தக் கூரை வெயிலில் விரியும்போதும் இரவில் சுருங்கும்போதும் சுண்ணாம்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இன்றைய கான்கிரீட் கூரையும் சிமென்ட் பூச்சும் அந்த அளவுக்கு விட்டுக்கொடுப்பதில்லை. அதனால் மயிரிழை வெடிப்பு விழும். அதன் வழியே மழை இறங்கும். இரண்டு வருடத்தில் கீழ்வீட்டுப் படுக்கையறையின் கூரையில் ஓதம் தெரியும். இப்போது வெதரிங் கோர்ஸ் என்னும் செங்கல் ஜல்லி மேலடுக்கைப் போடுகிறவர்கள் குறைந்து, ரசாயனப் பூச்சும் ஒட்டுப் படலமும் பெருகிவிட்டன. நல்ல பொருளும் நல்ல கையும் சேர்ந்தால் அவையும் உழைக்கும். ஆனால் எதைப் போட்டாலும் ஒழுக்கு தொடங்கும் இடங்கள் பெரும்பாலும் மூன்றுதான்: கைப்பிடிச் சுவரும் தரையும் சேரும் மூலை, தண்ணீர் போகும் குழாயின் வாய், கதவு நிலையின் அடிப்பகுதி. சுவரோரத்தில் பூச்சைச் செங்குத்தாக நிறுத்தாமல் வளைத்து, சுவர்மேல் ஓரடி உயரத்துக்கு ஏற்றியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். குழாய் வாய் ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றில் இலை அடைத்தாலும் மற்றது காப்பாற்றும். கதவுக்குள் இருக்கும் வீட்டுத் தரை, வெளியே மாடித் தரையைவிடத் தெளிவாக உயர்ந்திருக்க வேண்டும்.

சாவி வாங்குவதற்கு முன், குழாய் வாய்களை அடைத்து மாடியில் தண்ணீர் கட்டி, இரண்டு மூன்று நாள் நிறுத்திக் கீழ்வீட்டுக் கூரையைப் பார்ப்பது கட்டுமானத் தொழிலில் வழக்கமான சோதனை. அதைச் செய்து காட்டச் சொல்ல வாங்குகிறவருக்கு உரிமை உண்டு. செய்ததற்கு எழுத்தில் ஒரு தாள் வாங்கிக்கொள்ளலாம். ரெரா சட்டத்தின் 14-ஆவது பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், சொன்ன 30 நாளுக்குள் கட்டுநர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். ஐந்து வருடம் முடிந்த பிறகுதான் சண்டை வரும். அப்போது கீழ்வீட்டுக்காரர் மேல்வீட்டைப் பார்ப்பார், மேல்வீட்டுக்காரர் சங்கத்தைப் பார்ப்பார். நியாயமான ஏற்பாடு, கான்கிரீட்டும் அதன்மேல் உள்ள நீர்காப்பும் சங்கத்தின் பொறுப்பு, அதற்கு மேலே ஒட்டிய டைல்ஸும் செடியும் வீட்டுக்காரரின் பொறுப்பு என்பது. சங்க விதிகளில் இது இல்லையென்றால் வாங்குவதற்கு முன்பே எழுதச் சொல்ல வேண்டும்.

மலையை மாடிக்குக் கொண்டுபோக முடியாது

பண்ணைக்காட்டுக்காரருக்குத் தனி மாடி கிடைத்தால் முதலில் தோன்றும் ஆசை மண். நாலு காபிச் செடி, ஒரு பட்டர் ஃப்ரூட் கன்று, மிளகுக் கொடி ஏற ஒரு கல்யாண முருங்கை. இந்த ஆசையை நான் தலைவணங்கி மதிக்கிறேன். ஆனாலும் இங்கே ஒரு கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆள் ஏறி நடமாடும் தட்டைக் கூரைக்கு இந்தியத் தர நிர்ணயம் கேட்பது, ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ தாங்கும் வடிவமைப்பு. சதுர அடிக்கு மாற்றினால் சுமார் 14 கிலோ. ஓரடி ஆழத்துக்கு நனைந்த தோட்டமண் நிரப்பினால் ஒரு சதுர அடியில் 50 கிலோ வரும். தாங்கச் சொன்னதைப்போல் மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி நிரம்பினால் ஒரு டன். அது உட்காரும் இடமோ ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர்தான். அதைத் தூணோ உத்திரமோ இல்லாத இடத்தில் வைத்தால் கூரை முனகும். கட்டடம் உடனே விழுந்துவிடாது. கான்கிரீட் மெல்லத் தொய்யும், வாட்டம் மாறும், தண்ணீர் தேங்கும், தேங்கிய தண்ணீர் இன்னும் சுமையாகும்.

மாடித் தோட்டம் வேண்டுமென்றால் கட்டடத்தின் கட்டமைப்புப் பொறியாளர் அந்தப் பகுதியை எவ்வளவு சுமைக்கு வடிவமைத்தார் என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். தோட்டத்துக்கென்றே வடிவமைத்த மாடி என்றால் கவலையில்லை. இல்லையென்றால் தென்னை நார்க் கழிவு கலந்த லேசான கலவையில், பைகளில், சுவரோரமும் தூண் உச்சியிலுமாக வைக்கலாம். கீரை, தக்காளி, மல்லிகை தாராளமாக வளரும். காபிச் செடியை மட்டும் விட்டுவிடலாம். அரபிக்காவுக்கு நிழலும் குளிரும் வேண்டும். சித்திரை வெயிலில் மதுரை மாடியில் நிற்கும் காபிச் செடியைப் பார்க்க எனக்கு மனம் வராது.

வெயில் மனிதர்களையும் விடாது. மேற்கு பார்த்த மாடியில் பகல் முழுவதும் ஏறிய சூடு இரவு பத்து மணிக்கும் காலைச் சுடும். மலையில் இருந்து வருகிறவர்கள் தை மாதத்தில் வீடு பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். சித்திரையில் ஒரு மாலையும் ஐப்பசி மழையில் ஒரு காலையும் போய்ப் பார்க்க வேண்டும். வெயிலுக்குப் பயந்து தகரக் கூரை போட்டுவிடலாம் என்று நினைப்பதும் வேண்டாம். திறந்த மாடிக்குமேல் நிரந்தரக் கூரை வந்தால் அது அனுமதியில் இல்லாத கட்டுமானம். சங்கமும் தடுக்கும், மாநகராட்சியும் கேட்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மாடிகளிலிருந்து பறந்த தகரங்கள் எங்கெங்கே போய் விழுந்தன என்று அன்று அங்கே இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

காசுக் கணக்கு

மாடிக்கு என்ன விலை? ஒரே விலை இல்லை. உள்வீட்டின் சதுர அடி விலையில் பாதி கேட்பவர்கள் உண்டு, மூன்றில் ஒரு பங்கு கேட்பவர்கள் உண்டு, மொத்த விலையில் கலந்துவிட்டு "மாடி இலவசம்" என்பவர்களும் உண்டு. உதாரணத்துக்கு, உள்வீடு சதுர அடி 7,000 ரூபாய், மாடி 800 சதுர அடி, பாதி விலை என்று வைத்துக்கொண்டால் மாடிக்கு மட்டும் 28 லட்சம். அந்த 28 லட்சமும் பத்திரத்தில் மாடி என்ற பெயரில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இலவசம் என்று சொல்லிக் கொடுக்கப்படும் மாடிதான் பெரும்பாலும் பத்திரத்தில் காணாமல் போகிறது.

கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால் ஜிஎஸ்டி உண்டு. பணி நிறைவுச் சான்று வந்த பிறகு வாங்கினால் இல்லை. தமிழ்நாட்டில் முன்பெல்லாம் நிலத்தின் பிரிபடாத பங்குக்கு ஒரு பத்திரம், கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் என்று எழுதுவார்கள். 2023 டிசம்பர் முதல் புது ஃபிளாட்டுகளுக்கு இரண்டையும் சேர்த்து ஒரே கிரயப் பத்திரமாகப் பதியும் முறை வந்துவிட்டது. மாடி வாங்குகிறவருக்கு இது நல்லது. எல்லாம் ஒரே தாளில் வருவதால் விட்டுப்போனது உடனே தெரிந்துவிடும். ஒப்பந்தம் பதியாமல் மொத்த விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பது ரெராவின் 13-ஆவது பிரிவு. "இன்னிக்கே போட்டாத்தான் இந்த மாடி" என்று அவசரப்படுத்துகிறவரிடம் அந்தப் பிரிவின் எண்ணைச் சொன்னாலே போதும். மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் மாடியின் பரப்பும் சேருமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

இப்படி ஒரு வீடு வாங்குவதற்காகத் தோட்டத்தை விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அதைப் பற்றி என் எண்ணத்தை ஒளிக்கப் போவதில்லை. காபி விலை உச்சத்தில் இருக்கும் வருடத்தில் கிடைத்த உபரியில் நகரத்தில் வீடு வாங்குவது வேறு. தாத்தா வெட்டிய நிலத்தைக் கொடுத்து 800 சதுர அடிக் கூரை வாங்குவது வேறு. நிலம் மறுபடி கிடைக்காது. அதுவும் பண்ணைக்காட்டில், வாங்குகிறவர் அந்த நிலத்தில் காபிதான் வளர்ப்பார் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

கட்டடத்துக்கு வயதானால்?

பெரும்பாலோர் கேட்காமல் விடும் கேள்வி இது. கான்கிரீட் கட்டடம் நாற்பது ஐம்பது வருடத்தில் தளர்ந்துவிடும். அன்று இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவார்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, இப்போது நடைமுறையில் இருக்கிறது. 2024 மார்ச்சில் அமலுக்கு வந்தது. அதன்படி உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் மறுகட்டுமானம் நடக்கலாம். அப்போது யாருக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்யும் பேச்சில் முதலில் மேஜைக்கு வருவது நிலத்தின் பிரிபடாத பங்கு. சென்னையில் எல்லோரும் யூ.டி.எஸ். என்று சொல்வது.

இங்கேதான் தனி மாடிக்காரர் திகைத்துப் போவார். பல கட்டடங்களில் யூ.டி.எஸ். உள்வீட்டுப் பரப்பை வைத்து மட்டும் பிரிக்கப்பட்டிருக்கும். மேல்வீட்டுக்காரர் மாடிக்காக 28 லட்சம் கூடுதலாகக் கொடுத்திருப்பார். ஆனால் அவருடைய நிலப்பங்கும், மாடியில்லாமல் அதே அளவு வீடு வைத்திருக்கும் கீழ்வீட்டுக்காரரின் நிலப்பங்கும் ஒன்றாகவே இருக்கும். கட்டடம் இடிந்த மறுநாள் அவருடைய மாடி காற்றில் கரைந்துவிடும். புதுக் கட்டடத்தில் அதே மாதிரி மாடி தர வேண்டும் என்று கேட்க அவரிடம் தாள் இருக்காது. அது அவர் காலத்தில் வராமல் போகலாம். பிள்ளைகளின் காலத்தில் நிச்சயம் வரும்.

ஆகவே பேரம் பேசும் நாளிலேயே இரண்டில் ஒன்றைக் கேட்க வேண்டும். மாடிக்கும் ஒரு விகிதத்தில் யூ.டி.எஸ். சேர்த்துக் கொடுங்கள்; அல்லது யூ.டி.எஸ். இல்லாத வெறும் பயன்பாட்டு உரிமை என்றால் அதற்கேற்ப விலையைக் குறையுங்கள். மறுகட்டுமானம் நடந்தால் இந்த உரிமை தொடருமா, இழப்பீடு உண்டா என்று கிரயப் பத்திரத்தில் ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். அந்தப் பத்தியை எழுத மறுக்கிற கட்டுநரிடம், மாடிக்குக் கேட்கிற விலைக்கு என்ன நியாயம் என்று திருப்பிக் கேளுங்கள். வரைபடத்தின் நகல், ரெரா பதிவு எண், வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, கட்டுநருக்குச் சம்பந்தமில்லாத ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம், அந்த 28 லட்சத்தோடு ஒப்பிட்டால் பெரிய தொகை அல்ல.